அத்தியாயம் 6: ஸ்டாக்ஹோமில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மாநில எல்லையைத் தாண்டுவது நம் ஊரில் ஒரு வேலையே இல்லை. ஆரம்பாக்கத்தை விட்டால் அடுத்த ஊர் தடா, அது ஆந்திரா. காலையில் அங்கே வேலைக்குப் போய் ராத்திரி இங்கே வந்து சாப்பிடுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, பிள்ளை ஸ்வீடனில் வேலை கிடைத்துப் போனதும் "வந்து பாத்துட்டுப் போம்மா" என்று கூப்பிட்டால், டிக்கெட் எடுத்தால் போதும் என்ற நினைப்பிலேயே பல வீடுகளில் ஏற்பாட்டைத் தொடங்குகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கினோம்.

என் தங்கை ஸ்டாக்ஹோமில் கிஸ்தா பகுதியில் வேலை பார்க்கிறாள். எரிக்சன் தலைமையகம் இருக்கும் இடம் அது. நம்மவர்கள் அந்தச் சுற்று வட்டாரத்தில் நிறைய. அம்மா முதல் முறை போனது ஒரு பிப்ரவரியில். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எழுபத்தெட்டு நாள் இருந்தாள். அதில் தனியாக வீட்டுக் கதவைத் திறந்து வெளியே போனது ஒரு நாள்கூட இல்லை. ஐந்தாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து, கீழே பனியில் சறுக்கிச் சறுக்கி நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்ததும் "ஊர் எப்படி இருந்ததும்மா" என்று கேட்டேன். "ஜன்னல் நல்லா இருந்துச்சு" என்றாள். அந்தப் பதிலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் ஒரே கேள்வியிலிருந்து வருகின்றன. பிள்ளை ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு, காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை அம்மாவும் அப்பாவும் என்ன செய்வார்கள்? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் மாதம், டிக்கெட், செருப்பு, வங்கி அட்டை எல்லாமே தானாக முடிவாகிவிடும். சிப்காட் கம்பெனியிலிருந்து பயிற்சிக்காகப் போகிறவர்களுக்குக் கம்பெனியே பாதி வேலையைச் செய்து தரும். அவர்கள் பெயர், பெட்டி பற்றிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

எந்த மாதம்

டிசம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில் சூரியன் காலை எட்டே முக்காலுக்கு உதித்து, மத்தியானம் மூன்று மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஜூன் கடைசியில் அதிகாலை மூன்றரைக்கே விடிந்து, ராத்திரி பத்துக்கு மேல்தான் மறையும். அதற்குப் பிறகும் கும்மிருட்டு வருவதில்லை. அறுபது தாண்டியவர்கள் மே நடுவில் போய் ஆகஸ்ட் தொடக்கத்தில் திரும்பி வருவதுதான் என் தீர்மானமான யோசனை. இங்கே கத்திரி வெயிலில் அனல் அடிக்கும்போது அங்கே ஸ்வெட்டர் போட்டு நடக்கலாம். ஜூலையில் பகல் வெப்பம் 23 டிகிரியை ஒட்டி இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்வீடன் சட்டப்படி ஊழியர்களுக்கு வருஷத்துக்கு 25 நாள் விடுமுறை. அதில் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் நான்கு வாரம் சேர்ந்தாற்போல் எடுக்கும் உரிமையும் இருக்கிறது. பிள்ளையின் நான்கு வாரத்தை ஜூலையில் வைக்கச் சொல்லுங்கள். வந்த முதல் இரண்டு மூன்று வாரம் வழி பழகுவதற்கு, ஜூன் முழுக்கத் தாங்களாகவே சுற்றுவதற்கு, ஜூலை குடும்பத்தோடு. ஜூன் 19-லிருந்து 25-க்குள் வரும் வெள்ளிக்கிழமை அவர்களுடைய மிட்சோமர் பண்டிகை. நம் பொங்கலைப் போல ஆளாளுக்குச் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். கடைகள் மூடியிருக்கும். பாலும் காய்கறியும் முந்தின நாளே வாங்கி வைத்துவிட வேண்டும்.

மார்கழி இருட்டையும் பனியையும் பார்த்தே தீரவேண்டும் என்கிறவர்கள் போகலாம், தவறில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் வேண்டாம். செருப்புக்கடியில் மாட்டும் ஆணிப்பட்டையைப் போய் இறங்கிய அன்றே வாங்கிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். உறைந்த நடைபாதையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது வெறும் காயத்தோடு முடிகிற விஷயமில்லை.

பெயர்: விண்ணப்பத்துக்கு முன்பே பார்க்க வேண்டியது

விசா வேலை ஸ்டாக்ஹோமில் தொடங்குவதில்லை; நம் வீட்டு இரும்புப் பீரோவில் தொடங்குகிறது. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்போர்ட், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பிப் பெயரை மட்டும் படியுங்கள்.

எல்லையோர ஊர் என்பதால் நமக்கு இதில் கூடுதல் சிக்கல். எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு ரேஷன் கார்டில் வெங்கடேசன். ஆந்திரப் பக்கம் படித்த பள்ளிச் சான்றிதழில் வெங்கடேஸ்வர்லு. ஆதாரில் வெங்கடேசலு. மகனின் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் வெங்கடேசன் என்று இருக்க, பெரியவர் தன் பாஸ்போர்ட்டை ஆதாரை வைத்து எடுத்துவிட்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் ஒரே ஆள்தான். டெல்லியில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்க்கிற தூதரக அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர். "இவர் என் அப்பா" என்று மகன் அழைத்திருக்கிறார். ஆனால் காகிதத்தின்படி அந்த அப்பா வேறு யாரோ.

நோட்டரியிடம் 'இரண்டு பெயரும் ஒருவரே' என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி இணைப்பது அவசரத்துக்கு உதவும். அதைவிட நல்லது, ஆறு ஏழு மாதம் முன்பே ஆதாரைச் சரிசெய்து, பிறகு பாஸ்போர்ட்டையும் மாற்றிவிடுவது. பெயர் முழுக்கவே வேறாக இருந்தால் அரசிதழில் வெளியிடுவது. ஒருமுறை செய்துவிட்டால் பென்ஷன், வாரிசுச் சான்றிதழ் என்று பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது காப்பு.

தமிழர்களுக்கே உரிய இன்னொரு தொல்லை இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நம்மில் பலர் காலியாக விட்டிருப்போம். சிலர் அப்பா பெயரை அங்கே போட்டிருப்போம். டிக்கெட்டில் பெயர் அடிக்கும்போது ஆதாரைப் பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தில் அடியில், அம்புமுனை அம்புமுனையாகக் குறிகள் நிறைந்த இரண்டு வரி இருக்கும். விமான நிலையக் கருவி படிப்பது அந்த வரிகளைத்தான். அதில் இருப்பதை அப்படியே எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். குடும்பப் பெயர் காலி என்றால் விமான நிறுவனத்துக்குப் போன் செய்து, அந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறு.

பத்தாவது படிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் வரும் ஈ.சி.ஆர். முத்திரையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான முத்திரை அது. பிள்ளையைப் பார்க்க ஸ்வீடன் போகிற தாய்க்கு அதனால் ஒரு தடையும் இல்லை.

விசா

ஸ்வீடனுக்கென்று தனி விசா கிடையாது, ஷெங்கன் விசாதான். எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை போகும். மே நடுவில் பறக்க வேண்டுமென்றால் பிப்ரவரி கடைசியில் விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது.

பிள்ளை அங்கிருந்து அனுப்ப வேண்டிய காகிதங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 241011 என்ற எண் கொண்ட அழைப்புப் படிவம். மற்றது, ஸ்வீடன் வரித்துறையான ஸ்காத்தெவெர்க்கெத் தரும் குடியிருப்புப் பதிவுச் சான்று. இவற்றோடு அவர்களுடைய குடியிருப்பு அனுமதி நகல், சம்பளச் சீட்டு. யார் செலவு செய்கிறார்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு நாளைக்கு 450 குரோனா கையில் இருக்க வேண்டும் என்பது ஸ்வீடன் குடியேற்றத் துறையின் கணக்கு. 90 நாளுக்கு 40,500 குரோனா. பிள்ளை வீட்டிலேயே தங்கிச் சாப்பிடுவதென்றால் இதற்குக் குறைவாகவும் ஏற்பார்கள்.

நம் பக்கத்திலிருந்து காட்ட வேண்டியது, திரும்பி வருவோம் என்பதற்கான ஆதாரம். சிப்காட்டில் வேலை என்றால் விடுப்புக் கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு. விவசாயிகளுக்குப் பட்டா, சிட்டா, அடங்கல். ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன் புத்தகம். தமிழில் இருக்கும் காகிதத்துக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு சொந்தக்காரர்களிடம் நாலு லட்சம் வாங்கிக் கணக்கில் போட்டு, பத்திரிகை வைப்பதுபோலப் பாஸ்புக்கை நீட்டாதீர்கள். ஆறு மாதமாக மூவாயிரம் இருந்த கணக்கில் திடீரென்று நாலு லட்சம் வந்தால், அந்த ஒரு வரியே மறுப்புக்குக் காரணமாகலாம். இருக்கிற பணத்தை உள்ளபடி காட்டி, மீதிச் செலவு பிள்ளையுடையது என்று எழுதுவதே மேல்.

விசா வருவதற்குள் பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள். முன்பதிவுச் சீட்டு போதும். போலி முன்பதிவு போட்டுத் தருகிறேன் என்று வருகிற ஏஜென்டிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கும் ஒருவர் அப்படிச் சொன்னார். தங்கை போனில் கேட்டுக் கத்தித் தடுத்தாள்.

கைரேகை வைக்கச் சென்னைக்கு நேரில் போக வேண்டும். அன்றைக்குக் கார் பிடித்து ஜி.என்.டி. சாலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். நம் ஸ்டேஷனில் நின்று போகிற சூலூர்ப்பேட்டை வண்டிகள் குறைவு. பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். நேரம் ஒத்துவராவிட்டால் கும்மிடிப்பூண்டி வரை பஸ்ஸில் போய் ரயில் ஏறுங்கள். சென்ட்ரல் வரை போகாமல் விம்கோ நகரில் இறங்கினால் அங்கிருந்தே மெட்ரோ. பேசின் பாலத்தில் சிக்னலுக்குக் காத்துக் கிடக்கிற நேரம் மிச்சம். இந்த மெட்ரோ நேராக விமான நிலையம் வரை போகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழியனுப்ப வருகிறவர்களுக்கு உதவும். பெரிய பெட்டிகளோடு பயணிக்கிற நாளுக்கு மட்டும் கார் வையுங்கள்.

கொடுத்த கைரேகை 59 மாதம் செல்லும். அதற்குள் மறுபடி விண்ணப்பித்தால் பெரும்பாலும் மறுபடி கைரேகை கேட்க மாட்டார்கள்.

டிக்கெட்டும் காப்பீடும்

சென்னையிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு நேர் விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழி போனால் ஸ்டாக்ஹோம் ஆர்லாண்டாவில்தான் குடியேற்றச் சோதனை. பிராங்ஃபர்ட் வழி போனால் சோதனை பிராங்ஃபர்ட்டிலேயே முடிந்துவிடும். அதன்பிறகு உள்நாட்டு விமானம் மாதிரிதான். அதனால் அழைப்புக் கடிதம், காப்பீடு, திரும்பும் டிக்கெட், பிள்ளையின் முகவரி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. லண்டன் வழி மலிவாக வந்தால் எச்சரிக்கை: ஷெங்கன் சுற்றுலா விசா மட்டும் வைத்திருக்கும் இந்தியர்களுக்கு அங்கே விமானம் மாறுவதற்கே தனி விசா கேட்பார்கள்.

2025 அக்டோபர் 12-லிருந்து ஷெங்கன் எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் படம் எடுத்து, விசாவுக்குக் கொடுத்த விரல் ரேகையோடு கையை ஒத்துப் பார்ப்பார்கள். வயலிலும் வலையிலும் வேலை செய்து ரேகை தேய்ந்த கைகளுக்குக் கருவி இரண்டு மூன்று முறை முயலும். பதற்றப்படாமல் கையை ஈரத்துணியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லிக் கொடுங்கள். நாள் கணக்கை இனி கணினியே பார்த்துக்கொள்கிறது; தொண்ணூற்றொன்றாவது நாள் என்பது கண்ணில் படாமல் போகாது.

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வையுங்கள். நடக்க முடிகிறவர்களும் கேட்கலாம் என்றே சொல்வேன். தோஹாவில் நள்ளிரவில் விமானம் மாறும்போது, ஆங்கிலம் தெரியாத தாய்க்கு அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் வழிகாட்டியும் கூட.

மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் முழுக்கச் செல்லுபடியாக இருக்க வேண்டும். அது விசா விதி. விதியை நிறைவேற்ற மலிவான பாலிசி போதும். ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஏற்கெனவே இருப்பவர்கள், அந்த நோய் திடீரென்று முற்றினால் பாலிசி பணம் தருமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, தங்கும் நாள் அளவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே அவசரத்துக்கு 112. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 1177.

பெட்டியில் என்ன

இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பனீர், கோழி ஊறுகாய் எல்லாம் பறிபோகும். ஆனால் சொந்த உபயோகத்துக்கான மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. பழவேற்காட்டு நெத்திலிக் கருவாடு தாராளமாகப் போகலாம். நாலு பிளாஸ்டிக் பை மாட்டி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து அனுப்புங்கள். பக்கத்துப் பயணியின் பெட்டிக்கும் வாசம் ஏறக் கூடாது.

பச்சைக் காய், இலை, பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். மாம்பழம், கறிவேப்பிலை, வெற்றிலை மூன்றும் இதில் மாட்டும். சான்றிதழ் இல்லாமல் போகக்கூடிய பழம் ஐந்தே: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். கொப்பரையை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். அது எண்ணெய்ப் பொருள், தீப்பிடிக்கும் என்று சென்னையிலேயே எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலையைக் காயவைத்துப் பருப்புப் பொடியில் சேர்த்து அரைத்துவிடுவது எங்கள் வீட்டு வழி. ஸ்டாக்ஹோமில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. அரிசிக்கும் பருப்புக்கும் பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டாம்.

அங்கே பெரும்பாலான வீடுகளில் மின் அடுப்புதான், அதிலும் இண்டக்ஷன் நிறைய. உருண்டை அடி வாணலியும் அலுமினியப் பாத்திரமும் அதில் சூடேறாது. இங்கிருந்து தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் பிள்ளையிடம் அடுப்பு எது என்று கேளுங்கள். மின்சாரம் 230 வோல்ட்தான், நம்மைப் போல. மெல்லிய இரண்டு முனை பிளக் பொருந்தும், மூன்று முனை பொருந்தாது.

கோடையிலும் ஒரு மழைக்கோட்டு, மெல்லிய ஸ்வெட்டர், சாக்ஸ், கெட்டியான ஷூ வேண்டும். புடவையோடு ஷூ போட அம்மா முதலில் கூச்சப்பட்டாள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிக் கொடுத்து, நம் பஜார் தெருவிலேயே தினம் நடக்க வைத்தேன். கால் பழகிவிட்டால் கூச்சம் போய்விடும்.

வீட்டுக்குள்

அபார்ட்மெண்ட்களில் புகை கண்டறியும் கருவி கூரையில் இருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அலறும். அப்பளம் பொரித்தாலும் அலறும். ஜன்னலைத் திறந்து, அடுப்பின் மேலிருக்கும் விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். துணி துவைக்க அடித்தளத்தில் பொதுவான அறை; நேரம் முன்பதிவு செய்து, அந்த நேரத்துக்குள் முடித்துச் சுத்தம் செய்துவிட்டு வர வேண்டும். நம் தெருக் குழாயில் வரிசை எப்படிப் புனிதமோ அப்படி அது அங்கே. குடிக்கக் குழாய்த் தண்ணீரே போதும், கேன் வாங்க வேண்டாம். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அங்கேயும் நுழைகிறார்கள். இதைச் சொன்னபோது அம்மாவுக்கு அந்த ஊர் மேல் சட்டென்று ஒரு மரியாதை வந்தது.

தனியாக வெளியே

ஸ்வீடனில் ரொக்கம் அநேகமாக மறைந்துவிட்டது. பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள். பொதுக் கழிப்பறைக்கும் பல இடங்களில் கார்டுதான். எனவே அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு கார்டு கொடுங்கள். இது செல்லம் இல்லை, கால் மாதிரி. நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக அணைத்தே இருக்கும். கிளம்பும் முன் ஆன் செய்யுங்கள். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. வருவதற்காக இந்திய சிம்மில் ரோமிங் இருக்கட்டும். விலையை ரூபாயில் கணக்குப் போட ஒரு குரோனாவைப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வழியில் தடுமாற வேண்டியதில்லை.

நகரப் போக்குவரத்து முழுவதும் எஸ்.எல். என்ற ஒரே அமைப்பு. ஒரு டிக்கெட் 75 நிமிஷம் செல்லும். அதற்குள் மெட்ரோ, பஸ், டிராம், சில படகுகள் எதில் வேண்டுமானாலும் மாறலாம். 65 வயதுக்கு மேல் சலுகை விலை. தங்குவது நீண்ட நாள் என்றால் 30 நாள் சீட்டு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் 'இவ்வளவு செலவாகுமே' என்று யோசித்து வீட்டிலேயே உட்காரும் பழக்கம் இதனால் போகும். ஆர்லாண்டாவிலிருந்து நகரத்துக்கு அதிவேக ரயில் 20 நிமிஷத்துக்குள் கொண்டுவிடும், விலை அதிகம். 583-ஆம் எண் பஸ்ஸில் மார்ஸ்தா போய் அங்கிருந்து புறநகர் ரயில் பிடித்தால் சாதாரண எஸ்.எல். டிக்கெட்டே போதும். முதல் நாள் பெட்டிகளோடு அது வேண்டாம். பின்னால் யாரையாவது வரவேற்கப் போகும்போது உதவும்.

இரண்டாம் முறை அம்மா மே மாதம் போனாள். தங்கை ஒரு அட்டையில் வீட்டு முகவரி, தன் போன் நம்பர், இறங்க வேண்டிய ஸ்டேஷன் பெயர் மூன்றையும் ஸ்வீடிஷிலும் தமிழிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி கொடுத்தாள். பின்பக்கம் ஆறு சொல்: ஹேய் என்றால் வணக்கம், தக் என்றால் நன்றி, உர்ஷெக்தா என்றால் மன்னிக்க வேண்டும், ஹிஸ் என்றால் லிஃப்ட், உத்கோங் என்றால் வெளியேறும் வழி, ஸ்டெங்த் என்றால் மூடியிருக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு இதில் விலைமதிப்பற்ற சொல் 'ஹிஸ்'. எந்த மெட்ரோ ஸ்டேஷனிலும் அந்தப் பலகையைத் தேடினால் படியேற வேண்டாம்.

முதல் வாரம் தங்கை கூடவே போனாள். இரண்டாம் வாரம் ஒரே பெட்டியில் ஏறினாலும் பத்து அடி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் வாரம் அம்மா முன்னால், தங்கை அடுத்த வண்டியில். நீங்களும் இப்படியே படிப்படியாகப் பழக்குங்கள். கிஸ்தாவிலிருந்து நீல வழி மெட்ரோ மாறாமல் நேராக நகர மையமான டி-சென்ட்ராலனுக்குப் போகிறது; அந்த நிலையத்தில் பாறைக் கூரை முழுக்க நீலக் கொடியும் இலையும் வரைந்திருக்கிறார்கள். "நீலக் கொடி வந்தா எறங்கணும்" என்பதே அம்மாவுக்கு அடையாளம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு இந்த ஊரின் மெட்ரோ ஒரு வரம், ஏனென்றால் அனேக நிலையங்களில் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு மாதிரி.

எங்கே போவது என்றால், முதலில் வாசா அருங்காட்சியகம். ஸ்லுஸ்ஸனில் 82-ஆம் எண் படகு ஏறினால் யூர்கோர்டன் தீவில் இறக்கும். 30 நாள் சீட்டே போதும். வாசா என்பது ஸ்வீடன் அரசர் கட்டிய போர்க்கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே, ஒன்றேகால் கிலோமீட்டர் சுமாருக்குப் போனதும் காற்றில் சாய்ந்து மூழ்கிவிட்டது. மேல் பாரம் அதிகம். 333 வருஷம் கழித்து, 1961 ஏப்ரல் 24-ல் தூக்கினார்கள். மரம் ஏறத்தாழ முழுசாக இருந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அதில் வாழ்வதில்லை என்பதே காரணம்.

அம்மா பழவேற்காட்டுக்காரி. தாத்தா படகு வைத்திருந்தார். இருட்டிய அந்தக் கூடத்தில் நுழைந்து, தலைக்கு மேல் எழும்பி நிற்கும் மரச் சுவரைப் பார்த்து அம்மா அப்படியே நின்றுவிட்டாளாம். "இம்மாம் பெரிய கப்பலா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு நெடுநேரம் பலகை பொருத்தின இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "நம்ம தண்ணில கெடந்திருந்தா அஞ்சு வருஷத்துல அரிச்சுப் போட்டிருக்கும்" என்றாளாம். அந்தக் கப்பலைக் கட்டத் தொடங்கியவர் ஹென்றிக் ஹைபர்ட்சன், ஒரு டச்சுக்காரர். அதே காலத்தில்தான் பழவேற்காட்டில் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் டச்சுக்காரர்கள் துணி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் விளையாடி வளர்ந்தவள் அம்மா. வழிகாட்டிப் புத்தகம் எதிலும் இந்தத் தொடர்பு இருக்காது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போகும் முன் இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள், கப்பல் வேறு மாதிரித் தெரியும்.

அடுத்தது காம்லா ஸ்தான் என்கிற பழைய ஊர். கருங்கல் பாவிய சந்துகள். முழங்காலைப் பார்த்து மெதுவாக நடக்க வேண்டும். நடுச் சதுக்கத்தில் நோபல் பரிசு அருங்காட்சியகம். 1930-ல் இயற்பியலுக்குச் சர் சி. வி. ராமன், 1983-ல் சுப்பிரமணியன் சந்திரசேகர், 2009-ல் வேதியியலுக்குச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் மூவரும் பரிசு வாங்கிய ஊர் இது. உள்ளே இருக்கும் சிற்றுண்டிக் கடையில் நாற்காலிகளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பரிசு பெற்றவர்கள் அடியில் கையெழுத்துப் போடுவது வழக்கம். பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் அரை மணி நேரம் இதிலேயே போகும்.

அம்மா ஜூன் முழுக்கப் பிற்பகல்களில் தனியாகவே போய் வந்தாள். பெரும்பாலும் அந்த 82-ஆம் எண் படகில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய், அங்கே மர பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த படகில் திரும்புவாள். ஒருநாள் மழை வந்து, ஏற வேண்டிய படகு தவறிப்போய், தங்கைக்குப் போன் செய்யாமல் கழுத்து அட்டையை ஒரு பெண்ணிடம் காட்டி டிராமில் ஏறி வந்திருக்கிறாள். இது தங்கைக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் தெரியும்.

திரும்பி வந்ததும் பாஸ்போர்ட்டைப் பீரோவில் போடும் முன் விசாப் பக்கத்தையும் பயண அட்டைகளையும் படம் எடுத்து வையுங்கள். 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு, மூன்று வருஷத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்ததாக இரண்டு வருஷ விசா, அதன்பின் ஐந்து வருஷ விசா என்று தரும் ஏற்பாடு வந்திருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதற்குப் பிப்ரவரியில் காகிதம் எடுத்து வைக்க வேண்டும்.